மூன்று மீட்டர் வரை போய்த் திரும்பிய விண்கலம்

2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. ஊரெல்லாம் கரும்பும் மஞ்சள் குலையும் வாங்கிக்கொண்டிருந்த பொங்கல் நேரம். தரையிலிருந்து ஏறத்தாழ 475 கிலோமீட்டர் உயரத்தில், தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு இந்தியச் செயற்கைக்கோள்கள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன. 105 மீட்டர். 15 மீட்டர். கடைசியில் 3 மீட்டர். இன்னும் மெல்ல ஒரு தள்ளு தள்ளியிருந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். தள்ளவில்லை. இது முயற்சி ஒத்திகைதான் என்று அறிவித்துவிட்டு, இரண்டையும் பழையபடி பாதுகாப்பான தூரத்துக்கு விலக்கி வைத்தது இஸ்ரோ.

ஏற்கெனவே 7-ஆம் தேதி என்றார்கள், பிறகு 9-ஆம் தேதி என்றார்கள், இரண்டும் தள்ளிப்போயின. இப்போது 3 மீட்டர் வரை வந்தும் இல்லை என்றால்? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதானா என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. நான்கு நாள் கழித்து, காணும் பொங்கலன்று அதிகாலையில் இணைப்பு நடந்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்தபடியாக விண்வெளியில் இரண்டு கலங்களை இணைத்த நான்காவது நாடு இந்தியா என்று தலைப்புச் செய்தி வந்தது. ‘ஸ்பேடெக்ஸ்’ என்ற பெயர் எல்லோர் வாயிலும் புழங்கியது.

அந்த வெற்றியைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 16-ஆம் தேதியைவிட 12-ஆம் தேதிதான் எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. தன் கருவிகள் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்துகொள்வதற்காகவே ஒரு நாடு தன் விண்கலத்தை 3 மீட்டர் வரை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பியது அன்றுதான்.

பஸ் ஏறினால் திருவனந்தபுரம்

இந்தக் கதையை நாஞ்சில் நாட்டிலிருந்து சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதே வாரத்தில்தான் இஸ்ரோவின் தலைமை நாற்காலியும் கைமாறியது. முதல் இணைப்புக்குக் குறித்திருந்த 7-ஆம் தேதியே புதிய தலைவரின் பெயர் வந்துவிட்டது. 13-ஆம் தேதி சோம்நாத்திடமிருந்து பொறுப்பேற்றார் வி. நாராயணன். குமரி மாவட்டம் மேலகாட்டுவிளைக்காரர். தமிழ்வழியில் பள்ளிப் படிப்பு. 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். அவருக்கு முன்பு 2018 முதல் 2022 வரை தலைவராக இருந்த கே. சிவன், நாகர்கோவிலை ஒட்டிய சரக்கல்விளைக்காரர், தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதம் படித்தவர். இன்னும் பின்னால் போனால், ஜி. மாதவன் நாயர் பிறந்தது குலசேகரத்தில். ஒரு சின்ன மாவட்டத்திலிருந்து மூன்று தலைவர்கள்.

மண்வாசனை, மழைவளம் என்றெல்லாம் காரணம் தேட வேண்டியதில்லை. 1956 வரை இந்த மண் திருவிதாங்கூரோடு இருந்தது. 1963 நவம்பரில் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது, அதைச் சுற்றி வளரப்போகும் வேலைவாய்ப்பு குமரிக்காரர்களின் பக்கத்து ஊரில் வந்து இறங்கிவிட்டது. சென்னைக்கு ரயில் ஏறுவதைவிடத் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுவது இங்கே எப்போதும் சுலபம். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் மகேந்திரகிரி. மலையடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். வருவாய்க் கணக்கில் அது திருநெல்வேலி மாவட்டம் என்றாலும், நாகர்கோவில் பக்கத்து வீடுகளில் ‘மகேந்திரகிரியில் வேலை’ என்பது மாப்பிள்ளைக்கு ஒரு தகுதி. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் திரவ எரிபொருள் அடுக்குகள் அங்கேதான் சோதிக்கப்பட்டு ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகின்றன.

ஊர்ப் பெருமைக்காக உண்மையை வளைக்கவும் வேண்டாம். நாராயணன் பொறுப்பேற்ற மூன்றாம் நாள் நடந்த இணைப்பு, பல ஆண்டுகளாக மற்றவர்கள் செய்த வேலை. செயற்கைக்கோள்கள் உருவானது பெங்களூரு யு.ஆர். ராவ் மையத்தின் பொறுப்பில். நாராயணன் ராக்கெட் எஞ்சின்காரர். கிரையோஜெனிக் எஞ்சின்தான் அவருடைய துறை. ஆனால் அளவைப் பிழைகள் பற்றிய இந்தக் கதையில் அவருக்கு வேறொரு பங்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வேகம் கூட்டினால் பின்தங்கும்

இரண்டு செயற்கைக்கோள்களும் 2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்கு பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டில் ஒன்றாகவே போயின. ராக்கெட் இரண்டையும் வேண்டுமென்றே சிறு வேக வித்தியாசத்தோடு விடுவித்தது. ஒரு நாளில் இடைவெளி 10, 20 கிலோமீட்டராக விரிந்தது. அந்த விலகலை நிறுத்தி, பிறகு படிப்படியாக நெருங்க வேண்டும்: 5 கி.மீ., 1.5 கி.மீ., 500 மீட்டர், 225 மீட்டர், 15 மீட்டர், 3 மீட்டர். ஒவ்வொரு படியிலும் நின்று, எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி.

முன்னால் போகிற வண்டியைப் பிடிக்க ஆக்ஸிலேட்டரை மிதித்தால் போதும் என்பது சாலையில் செல்லும். சுற்றுப்பாதையில் செல்லாது. 1965 ஜூனில் ஜெமினி-4 கலத்திலிருந்த ஜேம்ஸ் மெக்டிவிட் இதை நேரடியாக அனுபவித்தார். தன்னை ஏற்றிவந்த ராக்கெட்டின் கழற்றிவிடப்பட்ட பகுதி கண்ணெதிரே மிதக்க, அதைக் குறிவைத்து எஞ்சினை இயக்கினார். அது அருகில் வருவதற்குப் பதில் விலகிப் போயிற்று. மறுபடி இயக்கினார், மறுபடி விலகியது. எரிபொருள் பாதி கரைந்ததும் அந்த முயற்சியையே கைவிட்டார்கள். போகிற திசையில் வேகம் கூட்டினால் கலம் மேலே ஏறும், மேலே ஏறினால் சுற்று பெரிதாகும், ஒரு சுற்றுக்கு நேரம் அதிகமாகும், ஆகப் பின்தங்கும். பிடிக்க வேண்டுமானால் முதலில் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும்.

இதில் பிழைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 475 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு 94 நிமிடம். பாதையின் திசையில் வேகம் வினாடிக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கலமோ வினாடிக்கு 7.6 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவு. ஆனால் ஒரே சுற்றில் அது கிட்டத்தட்ட 170 மீட்டர் விலகலாக வளர்ந்து நிற்கும். இரண்டு சுற்றில் 340. உயரத்தில் 10 மீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு சுற்றுக்கு 94 மீட்டர். அளவுகோலில் எறும்பாக இருந்த தப்பு, ஒன்றரை மணி நேரத்தில் பூதமாகிவிடும்.

எல்லாக் கருவியும் கொஞ்சம் பொய் சொல்லும்

துரத்தும் கலத்தில் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. 6 கிலோமீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை தூரம் சொல்ல ஒரு லேசர் அளவி. 2 கிலோமீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை இன்னொரு உணரி. 30 மீட்டரிலிருந்து 40 சென்டிமீட்டர் வரை, நெருக்கத்துக்கென்றே ஒன்று. கடைசி 8 சென்டிமீட்டர் முதல் 4 சென்டிமீட்டர் வரை, இணைப்பு வளையத்துக்குள் மற்றது நுழைந்துவிட்டதா என்று சொல்ல மட்டும் ஒன்று. போதாததற்கு வீடியோ கேமரா. முதல் மூன்றின் எல்லைகளைக் கவனித்தால் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருப்பது தெரியும். ஒன்று ஓயும் முன்பே அடுத்தது பேசத் தொடங்கிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் பேசும்போது, ஒரே பதிலைச் சொல்கின்றனவா என்று பார்க்கலாம். சொல்லாவிட்டால், அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

இவற்றோடு ஜி.பி.எஸ். போன்ற வழிகாட்டிச் செயற்கைக்கோள்களை வைத்துக் கணக்குப் போடும் ஒரு ஏற்பாடும் உண்டு. அதன் தந்திரம் அழகானது. ஒரு கலம் தான் இருக்கும் இடத்தை இந்த முறையில் அளந்தால் சில மீட்டர் தப்பு வரும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு கலமும் அளக்கட்டும்; அதற்கும் ஏறக்குறைய அதே தப்புதான் வரும். ஏனென்றால் வழிகாட்டிக் கோளின் கடிகாரப் பிழையும் பாதைப் பிழையும் இரண்டுக்கும் பொது. இரண்டு அளவுகளையும் ரேடியோ வழியாகப் பகிர்ந்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், பொதுத் தப்பு கழிந்து போகும். மிஞ்சுவது இரண்டுக்கும் இடையிலான தூரம், தனித்தனியாக அளந்ததைவிடப் பல மடங்கு துல்லியமாக. தான் எங்கே இருக்கிறோம் என்பது இரண்டு கலத்துக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் மற்றவன் தன்னிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறான் என்பது நன்றாகத் தெரியும்.

நீரோடியிலிருந்து கன்னியாகுமரி வரை கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்த வகைச் சிந்தனை புதிதல்ல. ஜி.பி.எஸ். கைக்கு வருவதற்கு முன்பு, மீன் மண்டும் ‘பார்’ எங்கே என்பதைக் கரை அடையாளங்களை வைத்தே கண்டுபிடித்தார்கள். மருந்துவாழ் மலையின் முகடும் கரையோரத்து ஒரு தேவாலயக் கோபுரமும் ஒரே கோட்டில் வர வேண்டும். வேறு பக்கத்தில் இன்னொரு ஜோடி அடையாளமும் அதேபோல் ஒரே கோட்டில் வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் வலை. இதில் அனுபவசாலி கவனிப்பது ஒன்று உண்டு: இரண்டு கோடும் நன்றாகக் குறுக்கே வெட்ட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே பக்கமாகப் போனால், வெட்டும் புள்ளி ஒரு நீண்ட பட்டையாக இழுபட்டுவிடும். கண்ணில் கொஞ்சம் பிசகினாலும் வலை வேறெங்கோ விழும். கருவி எவ்வளவு நல்லது என்பது போலவே, எந்த நிலையில் நின்று பார்க்கிறோம் என்பதும் பிழையைத் தீர்மானிக்கிறது. வழிகாட்டிக் கோள்கள் வானத்தில் ஒரே மூலையில் குவிந்திருந்தால் ஜி.பி.எஸ். அளவு கெடுவதும் இதே கணக்குப்படிதான்.

கருவிகளின் பொய்யில் இரண்டு ஜாதி. ஒன்று, நடுக்கம். ஒரு முறை கூடச் சொல்லும், ஒரு முறை குறையச் சொல்லும். நிறைய முறை அளந்தால் அது சமனாகிவிடும். மற்றது சாய்வு. எப்போதும் ஒரே பக்கமாக, ஒரே அளவு தப்பு. ஆயிரம் முறை அளந்தாலும் அது சமனாகாது. ஆயிரம் முறை ஒரே பதில் வருவதால், அதுதான் சரி என்று நம்பவும் வைத்துவிடும்.

நடுக்கத்தைச் சமாளிக்க 1960-இல் ருடால்ஃப் கால்மன் ஒரு வழி சொன்னார். இன்று அவர் பெயரால் ‘கால்மன் ஃபில்டர்’ என்றே வழங்குகிறது. கலம் அடுத்த வினாடி எங்கே இருக்கும் என்று இயக்க விதிகளை வைத்து முதலில் ஒரு கணிப்பு. பிறகு கருவி ஓர் அளவைத் தருகிறது. இரண்டும் ஒத்துப்போகாது. எதை நம்புவது? இரண்டையும், ஆனால் அதனதன் தகுதிக்கு ஏற்ப. அதற்கு ஒவ்வொரு வினாடியும் ‘நான் இருக்கும் இடம் இது’ என்பதோடு ‘இதில் எனக்கு இவ்வளவு சந்தேகம்’ என்பதையும் எண்ணாகவே கணக்கில் வைத்திருக்கும். அளவு வராத நேரத்தில் சந்தேகம் வளரும். நல்ல அளவு வந்ததும் சுருங்கும். அப்போலோ கலங்கள் நிலவுக்குப் போனதில் இந்தக் கணக்குக்குப் பங்குண்டு. கையிலிருக்கும் செல்பேசியின் வரைபடத்திலும் உண்டு.

ஆனால் சந்தேகத்தின் அளவையே தப்பாகக் கொடுத்துவிட்டால்?

நாசா முட்டிக்கொண்ட கதை

2005 ஏப்ரல் 15. நாசா ‘டார்ட்’ என்ற கலத்தை ஏவியது. சிறுகோளில் மோதிய பிற்காலத்து டார்ட் வேறு. இது மோதக் கூடாத டார்ட். மனிதக் கை படாமல், ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த ‘மப்ல்காம்’ என்ற செயற்கைக்கோளைத் தானாகவே தேடிப்போய், அருகில் நின்று, சுற்றிப் பார்த்துத் திரும்புவது அதன் வேலை. செலவு சுமார் 11 கோடி டாலர்.

அதன் முதன்மை ஜி.பி.எஸ். கருவி, வேகத்தை வினாடிக்கு சுமார் 0.6 மீட்டர் தப்பாகச் சொன்னது. மேலே பார்த்த ஒரு சென்டிமீட்டரைப் போல் 60 மடங்கு. சாய்வு வகைப் பொய். இப்படி ஒரு குறை இருப்பது முன்பே தெரிந்திருந்தது; ஆனால் பறந்த மென்பொருளில் அதற்கான திருத்தம் ஏறவில்லை. தரையில் நடத்திய ஒத்திகைகளோ, அந்தக் கருவி பிசகே இல்லாமல் அளக்கும் என்று வைத்துக்கொண்டு நடந்தவை. விண்ணில் கணிப்பும் அளவும் ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்க, கணினி தன் கணக்கை அழித்து முதலிலிருந்து தொடங்கியது. மறுபடி முரண்பாடு, மறுபடி முதலிலிருந்து. பாதையைச் சரிசெய்கிறேன் என்று எரிபொருளை வாரி இறைத்தது. கடைசியில், இலக்கு இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று நம்பியபடியே வினாடிக்கு ஏறத்தாழ 1.5 மீட்டர் வேகத்தில் போய் அதன் மேல் முட்டியது. மோதலைத் தடுப்பதற்கென்று ஓர் ஏற்பாடு இருக்கத்தான் செய்தது. அதுவும் அதே தவறான கணக்கைப் பார்த்துத்தான் முடிவெடுத்தது.

இதைப் படித்துவிட்டு 2025 ஜனவரிக்கு வாருங்கள். முதல் ஒத்திவைப்புக்கு இஸ்ரோ சொன்ன காரணம், பாதியில் கைவிட வேண்டிய ஒரு சூழ்நிலை புதிதாகக் கண்ணில் பட்டது, அதைத் தரையில் ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது. 8-ஆம் தேதி, 225 மீட்டருக்குக் கொண்டுவரும் முயற்சியில், தரை நிலையங்களின் பார்வையிலிருந்து மறைந்து மீண்டும் வெளிப்பட்டபோது விலகல் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. அந்த மறைவு நேரம்தான் சந்தேகம் வளரும் நேரம். அடுத்த நாள் இணைப்பை நிறுத்திவிட்டார்கள். விலகலைக் கட்டுப்படுத்தி, 10-ஆம் தேதி 1.5 கிலோமீட்டர், 11-ஆம் தேதி 500-லிருந்து 230 மீட்டர் என்று மறுபடி ஆரம்பத்திலிருந்து வந்தார்கள். 12-ஆம் தேதி 3 மீட்டர் வரை போனது நெருக்கத்துக்கான கருவிகள் உண்மையில் எப்படி நடந்துகொள்கின்றன என்ற தரவை அள்ளிக்கொண்டு வர. நேரலை பார்க்கக் காத்திருந்த கூட்டத்துக்கு அது சப்பென்று இருந்திருக்கலாம். நாலு பேர் கேலி செய்வார்களே என்று 9-ஆம் தேதியே முட்டிப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு டார்ட் சாட்சி.

விக்ரம் கற்றுக்கொடுத்தது

இப்போது நாராயணனின் பங்கு. 2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2-இன் விக்ரம் லேண்டர் நிலவில் மோதிச் சிதறியது. தலைவர் சிவன் கலங்கி நின்றதும் பிரதமர் தோளில் அணைத்துக்கொண்டதும் நாடே பார்த்த காட்சி. பார்க்காத காட்சி, அதன்பின் நடந்த பிரேதப் பரிசோதனை. காரணத்தைக் கண்டறிய அமைத்த தேசிய அளவிலான வல்லுநர் குழுவுக்குத் தலைவர், அப்போது வலியமலை திரவ உந்துவிசை மையத்தின் இயக்குநராக இருந்த நாராயணன். ஒரு குமரிக்காரர் தலைமையில் நடந்த தோல்வியை இன்னொரு குமரிக்காரர் அறுத்துப் பார்த்தார்.

பின்னாளில் சோம்நாத் வெளிப்படையாக விளக்கிய காரணங்கள் இவை: எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதல் விசை தந்தன, அதனால் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின, படம் எடுப்பதற்காகக் கலம் அசையாமல் இருக்க வேண்டிய கட்டத்தில் அவற்றைத் திருத்த முடியவில்லை, திருத்தத் தொடங்கியபோது வேகமாகத் திரும்ப மென்பொருள் விடவில்லை, இறங்க ஒதுக்கிய இடமோ 500-க்கு 500 மீட்டர்தான். எந்த ஒரு பிழையும் தனியாகக் கலத்தைக் கொன்றிருக்காது. சந்திரயான்-3-இல் இறங்கும் களத்தை ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். வேகத்தை நேரடியாக அளக்க ஒரு லேசர் கருவியைக் கூடுதலாக வைத்தார்கள். எல்லாம் சரியாக நடந்தால் எப்படி வெற்றி பெறுவது என்பதைவிட்டு, எவையெல்லாம் பிசகலாம், பிசகினாலும் எப்படி இறங்குவது என்று யோசித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது. ஸ்பேடெக்ஸின் நிதானத்துக்குப் பின்னால் அந்த 2019 அதிகாலை இருக்கிறது என்பது என் ஊகம்.

பக்கத்திலேயே ஐரோப்பாவின் ஜோடி

ஸ்பேடெக்ஸ் கிளம்புவதற்கு 25 நாள் முன்பு, 2024 டிசம்பர் 5 அன்று, அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இன்னொரு பி.எஸ்.எல்.வி. இன்னொரு ஜோடியை ஏற்றிப்போனது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ‘புரோபா-3’. நம் ஊடகங்கள் ஏவுதலைக் காட்டியதோடு விட்டுவிட்டன. வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

இந்த ஜோடி ஒட்டுவதற்காகப் போகவில்லை, ஒட்டாமல் இருப்பதற்காகப் போனது. 1.4 மீட்டர் அகலத் தட்டு கொண்ட ஒரு கலம் சூரியனை மறைக்க, 150 மீட்டர் பின்னால் இன்னொரு கலம் அந்த நிழலுக்குள் நின்று சூரியனின் ஒளிவட்டமான கொரோனாவைப் படமெடுக்கும். முழுச் சூரிய கிரகணத்தில் சில நிமிடங்களே கிடைக்கும் காட்சி, இதில் ஒரு சுற்றுக்கு ஆறு மணி நேரம் வரை. ஆனால் நிழலின் நடு சில சென்டிமீட்டர்தான். இடைவெளியையும் வரிசையையும் மில்லிமீட்டர் கணக்கில் காப்பாற்ற வேண்டும், அதுவும் தரையிலிருந்து யாரும் ஓட்டாமல்.

இவர்கள் பாதையையே பிழைக்குத் தோதாக வளைத்தார்கள். புரோபா-3 பூமிக்கு 600 கிலோமீட்டர் அருகில் வந்து 60,000 கிலோமீட்டருக்கும் மேல் உயரே போய்த் திரும்பும் நீள்வட்டத்தில் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 19 மணி 36 நிமிடம். கீழே வரும்போது ஜி.பி.எஸ். கிடைக்கும், அதை வைத்து இருக்குமிடத்தைத் திருத்திக்கொள்ளும். மேலே ஏறும்போது அந்தக் கணக்கை வைத்தே முன்னேறும். உச்சியில் பூமியின் இழுப்பு பலவீனம். அங்கே அணிவகுப்பை நிலைநிறுத்த எரிபொருளும் குறைவு. அங்கே ஒரு கலத்தின் விளக்குகளை மற்றதின் கேமரா பார்க்கும், பிறகு லேசர், கடைசியில் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையே அளக்கும் உணரிகள். 2025 மார்ச்சில் அணிவகுப்பு கைகூடியது. ஜூனில் முதல் கொரோனா படங்கள் வெளியாயின.

ஸ்பேடெக்ஸும் நிற்கவில்லை. மார்ச் 13 அன்று இரண்டு கலங்களும் பிரிந்தன. ஏப்ரல் 20 இரவு மறுபடி இணைந்தன. முதல் முறை 3 மீட்டரில் நிறுத்தித் தரையிலிருந்து அனுமதி கொடுத்தார்கள். இரண்டாம் முறை 15 மீட்டரிலிருந்து கடைசி வரை கலமே பார்த்துக்கொண்டது. மறுநாள் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மின்சாரமும் ஓடியது, சுமார் நான்கு நிமிடம், ஒரு ஹீட்டரைச் சூடாக்க.

அடுத்தது சந்திரயான்-4. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,104 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்த திட்டம். நிலவின் மண்ணை எடுத்துவர, ஐந்து பாகங்களை இரண்டு ராக்கெட்டுகளில் அனுப்பி, பூமிச் சுற்றுப்பாதையில் இணைத்து, பிறகு நிலவைச் சுற்றும் பாதையிலும் இணைப்பு நடத்த வேண்டும். அங்கே ஸ்பேடெக்ஸுக்குக் கைகொடுத்த அந்தக் கழித்தல் தந்திரத்துக்கு ஆதாரமே ஆட்டம் காணும். வழிகாட்டிக் கோள்கள் எல்லாம் பூமியைப் பார்த்துப் பேசுபவை. 2025 மார்ச்சில் நாசாவும் இத்தாலியும் நிலவின் தரையிலேயே ஜி.பி.எஸ். குறிப்பலைகளைப் பிடித்துக் காட்டின. ஆனால் அவை மெலிந்தவை. தவிர, அந்தக் கோள்கள் எல்லாம் நிலவிலிருந்து பார்த்தால் வானத்தின் ஒரே மூலையில் இருக்கும். மருந்துவாழ் மலைக் கோடுகளின் தொல்லை அங்கே மிகப் பெரிய அளவில் வரும். தரையிலிருந்து ஒரு கட்டளை போய்ச் சேரவே 1.3 வினாடி; பதில் வர இன்னொரு 1.3 வினாடி. நிலவின் மறுபக்கம் போய்விட்டால் அதுவும் இல்லை. லேசரும் கேமராவும் கலத்திலேயே ஓடும் கணக்கும்தான் மிச்சம். அந்த லேசர்களுக்கு எவ்வளவு நடுக்கம், எவ்வளவு சாய்வு என்பதை 475 கிலோமீட்டர் உயரத்தில் அளந்து வைத்த ஏடுகள் பெங்களூருவில் இருக்கின்றன.